பழைய ஒர்க்ஸ்டேஷனின் ஃபேன் இரைச்சலை லினக்ஸில் அடக்கியது எப்படி

ஒருவழியாக மெஷின் அடங்கிவிட்டது. மே மாதத்து மதியம், ஏசி இல்லாத அறை, 34 டிகிரி. பின்னணியில் வீடியோ கன்வெர்ட் ஆகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்க முடிகிறது. இது வேலை செய்கிறது என்று உறுதியானதால், வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மெஷின் இதுதான்: ஜியான் இ5-1650 வி2 பிராசசர், 6 கோர், 130 வாட். 64 ஜிபி ரேம், 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, பழைய குவாட்ரோ கே2000 கிராஃபிக்ஸ் கார்டு. 2013-ஆம் ஆண்டு வந்த பிராசசர், ஆனால் கம்பைல் வேலைக்கும் வீடியோ வேலைக்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. டெபியன் 12 லினக்ஸ் ஓடுகிறது. உள்ளே ஃபேன் மொத்தம் ஐந்து: பிராசசர் மேல் 120 மில்லிமீட்டர் ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று.

இரைச்சல் என்றால் ஓயாத பெரிய சத்தம் கிடையாது. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் 'விர்ர்' என்று ஏறும், மூன்று நொடியில் இறங்கும், அடுத்த டேப்புக்கு மறுபடி ஏறும். ஒரே அளவில் ஓடும் சீலிங் ஃபேனைக் காது சீக்கிரம் மறந்துவிடுகிறது, ஏறி இறங்குகிற சத்தத்தை மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது. அதனால் ஃபேனை மெதுவாக்குவதோடு வேலை முடியாது, அதன் பதற்றத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலை முழுக்க எனக்கு வழிகாட்டியது.

முதலில் எந்த ஃபேன் கத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமும் வைத்துக் கேட்டேன். அப்புறம் பென்சிலின் ரப்பர் முனையை ஃபேனின் நடு மூடியில் லேசாக அழுத்தி ஒவ்வொன்றாக சில நொடி நிறுத்திப் பார்த்தேன். நடுவில்தான் அழுத்த வேண்டும், இறக்கையில் வைக்கக் கூடாது. முன் ஃபேனை நிறுத்தியதும் பாதி சத்தம் போய்விட்டது. பிராசசர் ஃபேனை நிறுத்தியதும் ஒரு கரகரப்பு போனது. அதாவது ஒன்றின் பிரச்சினை வேகம், இன்னொன்றின் பிரச்சினை பேரிங். இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் நேராக சாஃப்ட்வேருக்குப் போனால், பேரிங் தேய்ந்த ஃபேனுக்கு இத்தனை சூட்டுக்கு இத்தனை வேகம் என்று வளைகோடு வரைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது தூசி. பிராசசரின் டவர் ஹீட்சிங்க்கில் (சூட்டை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகத் தகடுகளின் அடுக்கு) இருந்து ஃபேனைக் கழற்றியதும், தகடுகளின் முகப்பில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். பழைய டூத் பிரஷ்ஷின் பின்முனையால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளியில் இருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஃபேன் மறைத்துக்கொள்கிறது. காற்று தகடுகளுக்குள் போக வழியில்லாமல் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. மீதித் தூசியை மொட்டை மாடியில் கை ப்ளோவரால் ஊதினேன். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோவர் காற்றில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரம் அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

பிராசசர் ஃபேனின் கரகரப்புக்குத் தையல் மெஷின் ஆயில். இது ஸ்லீவ் பேரிங் ஃபேன், அதாவது அச்சு குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் சுற்றுவது. பின்பக்க ஸ்டிக்கரை பிளேடு முனையால் பாதிவரை தூக்கினால் அடியில் ஒரு சின்ன ரப்பர் மூடி, அதையும் எடுத்தால் அச்சின் நுனியும் அதைப் பிடித்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் வளையமும் தெரியும். பழைய ஆயில் கறுத்துப் பிசின் ஆகியிருந்தது. காது பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு இரண்டே சொட்டு ஆயில். இறக்கையைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்க விட்டு, ஓரத்தில் கசிந்ததைத் துடைத்து, ஆல்கஹாலால் அந்த இடத்தை உலர வைத்து, பிறகுதான் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஆயில் பட்ட இடத்தில் பசை நிற்காது, ஸ்டிக்கர் பிரிந்து வந்து இறக்கையில் உரசும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுப்பாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும். பால் பேரிங் ஃபேன் கரகரத்தால் ஆயில் போட்டுப் பயனில்லை, மாற்றிவிடுவதே நல்லது.

ஹீட்சிங்க்கைக் கழற்றியாகிவிட்டது என்பதால் பிராசசருக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன். பழையது சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது. புதிதாகப் போட்டதில் முழு லோடில் 8 டிகிரி குறைந்தது. சாஃப்ட்வேரைத் தொடுவதற்கு முன்பே கிடைத்த இந்த 8 டிகிரிதான் பின்னால் ஃபேனை மெதுவாக்க இடம் கொடுத்தது.

சரி, இப்போது லினக்ஸ். பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) 'சைலன்ட்' என்ற ப்ரொஃபைல் இருந்தது, போட்டுப் பார்த்தேன். குறைந்தபட்ச வேகம் கொஞ்சம் இறங்கியது, ஏறி இறங்குவது நிற்கவில்லை. அதனால் எல்எம்-சென்சார்ஸ், ஃபேன்கண்ட்ரோல் என்ற இரண்டு பேக்கேஜையும் நிறுவி, போர்டில் என்ன சென்சார் இருக்கிறது என்று தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் ஓட்டினேன். போர்டில் வெப்பத்தையும் ஃபேனையும் கவனிக்கும் நுவோட்டான் என்சிடி6776 சிப் இருப்பதாகச் சொன்னது. இதற்கான கெர்னல் மாட்யூலின் (லினக்ஸின் மையப் பகுதியில் ஏற்றும் டிரைவர்) பெயர் என்சிடி6775, அந்தக் குடும்பத்துச் சிப்கள் பலவற்றுக்கும் இது ஒன்றே. மாட்யூலை ஏற்றினால் ஏற மறுத்தது. கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் பார்த்தால் ஏசிபிஐ ரிசோர்ஸ் கான்ஃப்ளிக்ட்: அந்தச் சிப்பின் முகவரியை பயாஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. மெஷினைக் கிளப்பும் கிரப் பூட்லோடரின் கெர்னல் வரியில் ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ் என்பதற்கு 'லேக்ஸ்' என்று கொடுத்தால் ஏறிவிடும். இதில் ஒரு ஆபத்து உண்டு, ஒரே சிப்பை பயாஸும் கெர்னலும் ஒரே நேரத்தில் தொட்டால் தப்பான அளவு வரலாம், தப்பான மதிப்பு எழுதப்படவும் கூடும். என் போர்டில் இதுவரை அப்படி நடக்கவில்லை. வேலைக்கு அத்தியாவசியமான சர்வரில் இதைச் செய்ய மாட்டேன்.

மாட்யூல் ஏறியதும் சென்சார்ஸ் கட்டளை நிறைய எண்களைக் காட்டும். எல்லாவற்றையும் நம்பக் கூடாது. ஆக்ஸ்டின் என்ற சென்சார் 100 டிகிரிக்கு மேல் காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, போர்டில் அந்தக் காலுக்கு எதையும் இணைக்கவில்லை, அதுதான் காரணம். சிபியுடின் என்பதும் பிராசசரின் உண்மையான சூடு அல்ல, சாக்கெட் அருகே எடுப்பது. 'பிஇசிஐ ஏஜென்ட் 0' என்ற வரிதான் பிராசசரே சிப்புக்குச் சொல்லும் அளவு. பிராசசரின் கோர் சூட்டைப் படிக்கும் கோர்டெம்ப் மாட்யூல் காட்டும் எண்ணோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், ஒத்துப்போனது.

பிறகு பிடபிள்யூஎம்கான்ஃபிக். இது ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்து எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று கண்டுபிடிக்கும், அதனால் மெஷின் சும்மா இருக்கும்போது, சூடு இல்லாதபோது மட்டும் ஓட்டுங்கள். இங்கேதான் முன் ஃபேனின் விஷயம் வெளியே வந்தது. முன்னாலும் பின்னாலும் இருந்த இரண்டும் 3-பின், அதாவது மூன்று கம்பி ஃபேன்கள். என் போர்டில் அந்த இணைப்புகள் நான்காவது கம்பியில் போகும் பிடபிள்யூஎம் என்ற வேகக் கட்டுப்பாட்டு சிக்னலால்தான் வேகத்தை மாற்றுகின்றன, வோல்டேஜைக் குறைப்பதில்லை. 3-பின் ஃபேனுக்கு அந்தக் கம்பியே கிடையாது, ஆகவே எப்போதும் 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். எந்த சாஃப்ட்வேராலும் இதை மாற்ற முடியாது. ஆர்க்டிக் பி12 4-பின் ஃபேன் இரண்டு வாங்கி மாட்டினேன். 200 முதல் 1800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போகும் ஃபேன், கீழ் எல்லை இவ்வளவு இறங்குவதுதான் நமக்கு வேண்டியது.

மாட்டியதும் கையாலேயே அளந்தேன். ஃபேனை யார் ஓட்டுவது என்று சொல்லும் எனேபிள் மதிப்பை 1 ஆக்கினால் மேனுவல். பிடபிள்யூஎம் மதிப்பு 0 முதல் 255 (முழு வேகம்) வரை. 255-இல் தொடங்கி இறக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படியிலும் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டேன். முன் ஃபேன் 150-இல் ஏறக்குறைய 1100, 100-இல் 780, 70-இல் 570. போனில் ஒரு டெசிபெல் ஆப் வைத்து ஒரே இடத்தில் இருந்து கேட்டதில், 800-க்குக் கீழே போனதும் அறையின் சத்தத்தில் இருந்து பிரிக்க முடியவில்லை. போன் ஆப்பின் எண்ணை அப்படியே நம்ப முடியாது, முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட மட்டும் உதவும்.

இன்னொன்றும் கவனித்தேன். முன் ஃபேனும் பின் ஃபேனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், உதாரணமாக 780-உம் 800-உமாக ஓடினால், ஊ... ஊ... என்று அலையலையாக ஒரு முனகல் வருகிறது. இரண்டு ஒலிகளின் அதிர்வெண் மிக நெருக்கமாக இருந்தால் வருகிற அலைதான் அது. பின் ஃபேனை 650-க்கு இறக்கியதும் முனகல் மறைந்துவிட்டது.

ஃபேன்கண்ட்ரோல் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட். குறைந்த வெப்பம், அதிக வெப்பம், ஃபேன் நின்ற நிலையில் இருந்து கிளம்பத் தேவையான மதிப்பு, நிற்காமல் ஓடக் குறைந்தபட்ச மதிப்பு, இவற்றைக் கொடுத்தால் நடுவில் நேர்கோடாகக் கணக்குப் போட்டு ஃபேனை ஓட்டும். பிராசசர் ஃபேனை இதில் கொடுத்தேன். ஏறி இறங்குவது அப்படியே இருந்தது. காரணம் சீக்கிரமே புரிந்தது: கோர்டெம்ப் அளவு ஒரே நொடியில் 12, 15 டிகிரி தாவுகிறது. சில்லுக்குள் சூடு அவ்வளவு வேகமாக ஏறுகிறது, ஆனால் முக்கால் கிலோ அலுமினியம் அதற்குள் சூடாவதில்லை. ஃபேன் குளிர்விப்பது அந்த அலுமினியத்தைத்தானே, அப்படியென்றால் அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. இடைவெளியை 10 நொடி வைத்து, சராசரி எடுக்கும் ஆவரேஜ் அமைப்பை 6 ஆக்கியதும் நன்றாகக் குறைந்தது.

ஆனால் இரண்டு தொல்லைகள் பாக்கி. ஒன்று, ரீபூட் செய்ததும் எச்டபிள்யூமான் எண் (கெர்னல் ஒவ்வொரு சென்சார் சிப்புக்கும் தரும் வரிசை எண்) மாறிவிடும். நேற்று 2, இன்று 3. ஃபேன்கண்ட்ரோல் தன் கோப்பில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, கான்ஃபிகரேஷன் பழையது என்று சொல்லி ஓட மறுக்கும். தப்பான ஃபேனை ஓட்டுவதை விட மறுப்பது நல்லதுதான், இருந்தாலும் காலையில் மெஷினைப் போட்டால் பழையபடி பயாஸ் இரைச்சல். இரண்டு, சஸ்பெண்டில் போய் எழுந்தால் சிப் பயாஸ் முறைக்குத் திரும்பிவிடுகிறது, ஸ்கிரிப்ட் அது தெரியாமல் எண்களை எழுதிக்கொண்டே இருக்கிறது. இதைத் தவிர, ஸ்கிரிப்ட் எதிர்பாராமல் செத்துப்போனால் ஃபேன் கடைசி வேகத்திலேயே உறைந்து நிற்கும் என்பது பிராசசர் விஷயத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் பிராசசர் ஃபேனை ஸ்கிரிப்டில் இருந்து எடுத்துவிட்டு சிப்பிடமே ஒப்படைத்தேன். என்சிடி6776-க்குள்ளேயே ஸ்மார்ட் ஃபேன் 4 என்ற முறை இருக்கிறது, எனேபிள் மதிப்பு 5. வெப்பத்துக்கும் வேகத்துக்குமான புள்ளிகளை நாமே எழுதலாம். வெப்பத்தை மில்லி டிகிரியில் எழுத வேண்டும், 45 டிகிரி என்றால் 45000. நான் வைத்தவை: 48 டிகிரிக்கு பிடபிள்யூஎம் 70, 60-க்கு 110, 70-க்கு 170, 78-க்கு 255. வெப்பத்தின் மூலமாக பிஇசிஐ ஏஜென்ட் 0-ஐத் தேர்ந்தெடுத்தேன். பிறகு முக்கியமான இரண்டு அமைப்புகள்: ஸ்டெப் அப் டைம், ஸ்டெப் டவுன் டைம், அதாவது வேகத்தை ஒரு படி மாற்றும் முன் சிப் காத்திருக்கும் நேரம். ஏறும்போது 400 மில்லி செகண்ட், இறங்கும்போது 2000. இதுதான் நான் தேடியது. டேப் திறந்தால் ஃபேன் கிளம்பத் தொடங்குவதற்குள் சூடு இறங்கிவிடுகிறது. உண்மையான லோடு வந்தால் நிதானமாக ஏறி அங்கேயே நிற்கிறது.

முதல் தடவை 5 எழுதியபோது கெர்னல் ஏற்கவில்லை. டிமெசேஜில் 'இன்கன்சிஸ்டன்ட் டிரிப் பாயின்ட்ஸ்' என்று வந்தது. புள்ளிகள் வெப்பத்திலும் வேகத்திலும் வரிசையாக ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்காவது முந்தைய புள்ளியை விடக் குறைந்தால் டிரைவர் அந்த முறைக்கே போக விடாது. பயாஸ் எழுதி வைத்திருந்த ஒரு பழைய புள்ளி நடுவில் மிச்சம் இருந்தது. எல்லாப் புள்ளிகளையும் எழுதிவிட்டு, கடைசியாக 5 எழுத வேண்டும்.

இதை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டாக்கி, லினக்ஸின் சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியில் ஒன்ஷாட் (ஒருமுறை ஓடி முடியும்) சர்வீஸாக, மெஷின் பூட் ஆகும்போதும், சஸ்பெண்டில் இருந்து எழும்போதும் ஓடும்படி வைத்தேன். எச்டபிள்யூமான் எண் மாறும் தொல்லைக்கு, பிளாட்ஃபார்ம் ஃபோல்டருக்குள் 'என்சிடி6775.656' என்ற பாதை வழியாகப் போனால் போதும். என் போர்டில் அந்தப் பாதை மாறுவதில்லை, அதற்குள் இருக்கும் எண்ணுக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டுவிடலாம்.

முன் ஃபேன் மட்டும் ஃபேன்கண்ட்ரோலிலேயே இருக்கிறது. அது குளிர்விப்பது ஹார்ட் டிஸ்க்கை, அந்தச் சூடு சிப்புக்குத் தெரியாது. கெர்னல் 5.6 முதல் டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் இருக்கிறது, ஏற்றிவிட்டால் டிஸ்க்கின் வெப்பமும் மற்ற சென்சார்களைப் போலவே வரும். டிஸ்க் நிதானமாகத்தான் சூடாகும், அதனால் இங்கே ஸ்கிரிப்டே போதும். 38 டிகிரியில் பிடபிள்யூஎம் 70-இல் தொடங்கி 50 டிகிரியில் முழு வேகம். பல பேர் எழுதி வைத்திருக்கும் 30 டிகிரித் தொடக்கம் குளிர் நாட்டுக்குச் சரி. சென்னையில் மே மாதம் அறையே 34 என்றால், அந்தக் கணக்கில் ஃபேன் ஒருநாளும் ஓயாது. முதலில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை மெஷின் பக்கத்தில் வைத்து அறையின் அளவைப் பாருங்கள், புள்ளிகளை அதற்கு மேலே வையுங்கள்.

குவாட்ரோ கார்டுக்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர்தான் கடைசி. திரையை ஓட்டும் எக்ஸ் சர்வரின் அமைப்பில் கூல்பிட்ஸ் 4 கொடுத்தால் ஃபேன் வேகம் நம் கைக்கு வரும். திறந்து பார்த்தேன், தூசி தட்டியதே போதுமாக இருந்தது, மூடிவிட்டேன்.

பிராண்டட் ஒர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. டெல் மெஷின்களில் டெல்-எஸ்எம்எம்-எச்டபிள்யூமான் மாட்யூலைத் தேடுங்கள், பெரும்பாலும் நிறுத்தம், மெதுவு, வேகம் என்று படிகள்தான் கிடைக்கும். எச்பி இசட் வரிசையில் பயாஸுக்குள் ஐடில் ஃபேன் வேகம் என்று ஒரு அமைப்பு உண்டு, யாராவது அதை ஏற்றி வைத்திருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். சூப்பர்மைக்ரோ சர்வர் போர்டுகளில் மெதுவாகச் சுற்றும் ஃபேனை மாட்டினால், ஃபேன் செத்துவிட்டது என்று பிஎம்சி (போர்டைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்) எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்டும், ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளையில் வேகத்தின் கீழ் எல்லையைக் குறைத்தால் சரியாகும்.

சோதனைக்கு பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியில் 12 திரெட், அரை மணி நேரம், மூடியை மாட்டிய நிலையில். மூடியைத் திறந்து வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. அறை 34, பிராசசர் 73-இல் போய் நின்றது, ஃபேன் ஏறக்குறைய 1250 ஆர்பிஎம். டிஸ்க்குகள் 44. சும்மா இருக்கும்போது பிராசசர் 46, எல்லா ஃபேன்களும் 700-க்குக் கீழே.

செலவு: இரண்டு ஃபேன் 1,500 ரூபாய், பேஸ்ட் 450, ஆயில் 40, ஆல்கஹால் 120. ப்ளோவர் வீட்டிலேயே இருந்தது.

அடுத்த மெஷினில் செய்தால், ஃபேன்கண்ட்ரோலுக்குப் போகும் முன்பே சிப்பின் சொந்த முறையைப் பார்த்துவிடுவேன். ஃபேன் 3-பின்னா 4-பின்னா என்பதை மூடியைத் திறந்த உடனே எண்ணுவேன். ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் ஒட்டி, போர்டில் எந்த இணைப்பு, கெர்னலில் எந்த எண் என்று பேனாவால் எழுதி வைப்பேன். போர்டின் மேல் அச்சடித்த எண்ணும் கெர்னல் காட்டும் எண்ணும் என் போர்டில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மிச்சம் இருப்பது பவர் சப்ளை ஃபேன். முழு லோடில் இப்போது தனியாகக் கேட்பது அது ஒன்றுதான். அதன் வேகத்தை லினக்ஸில் இருந்து தொட முடியாது, திறந்தால் உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அதனால் நான் கை வைக்கவில்லை. செமி பேசிவ் முறை உள்ள, லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனையே நிறுத்திவிடுகிற 650 வாட் சப்ளை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பிராசசருக்கான இரண்டாவது 8 பின் ஒயர் அதில் வருகிறதா என்று மட்டும் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.